அ, ஆவன்னாவுக்கு முன்னாடி: சின்னக் குழந்தைக்குப் புத்தகம் பழக்குவது எப்படி?

இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறதா? இது உங்களுக்குத்தான். எல்.கே.ஜி. சேர்த்தாகிவிட்டது, இனி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பவர்களும் படிக்கலாம்.

எங்கள் வீட்டு அம்மிணி உயிரெழுத்து பன்னிரண்டையும் ராகம் போட்டுச் சொல்லுவாள். ஆங்கில எழுத்து இருபத்தாறும் தண்ணிபட்ட பாடு. ஆனால் ஒரு கதைப் புத்தகத்தை விரித்து, "எங்கிருந்து படிக்கோணும் கண்ணு?" என்று கேட்டால், யானையின் தும்பிக்கை மேல் விரலை வைத்து, "இங்கிருந்துதானுங்ப்பா" என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எழுத்தைச் சொல்லிக் கொடுக்க ஊரே இருக்கிறது. அந்த எழுத்து புத்தகத்தில் என்ன வேலை செய்கிறது என்று காட்டத்தான் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் வீட்டில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறது, வீடு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறது.

குழந்தைக்குப் புரிய வேண்டியது இவ்வளவுதான். புத்தகத்துக்கு முன் பின் உண்டு. அப்பா வாயிலிருந்து வரும் கதை படத்திலிருந்து வரவில்லை, படத்துக்குக் கீழே இருக்கும் கறுப்புக் கோடுகளிலிருந்து வருகிறது. அந்தக் கோடுகள் இடமிருந்து வலமாகப் போகும். வரி தீர்ந்தால் கீழே இறங்கி மறுபடி இடது ஓரத்துக்கு வரும். நடுவில் விட்டிருக்கும் வெள்ளை இடம் ஒரு வார்த்தை முடிந்ததற்கு அடையாளம். நேற்று படித்தது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும். நமக்கு இதெல்லாம் மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டதால், சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே தோன்றுவதில்லை.

செலவு? முதல் ஆறு மாதத்துக்கு 500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். நேரம் தினமும் பத்து நிமிடம்.

1. முதலில் குழந்தைக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

குழந்தை பார்க்காத புத்தகம் ஒன்றை எடுத்து, பின்னட்டை மேலே வருகிற மாதிரி, தலைகீழாகக் கையில் கொடுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். திருப்பிப் பிடிக்கிறதா, முன்னட்டையைத் தேடுகிறதா என்று பாருங்கள். பிறகு கேளுங்கள்: "நான் எதைப் பார்த்துப் படிக்கோணும்? எங்க ஆரம்பிக்கோணும்? இந்த வரி முடிஞ்சுது, அப்புறம் எங்க போகோணும்?" கடைசியாக இரண்டு சின்ன அட்டைத் துண்டுகளைக் கொடுத்து, ஒரே ஒரு எழுத்து மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் மறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை. நாலு வயதுக் குழந்தைகள் பலருக்கு இந்தக் கடைசிக் கேள்வி பிடிபடாது, பயப்பட வேண்டாம்.

குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்வதை ஆராய்ந்த நியூசிலாந்துக்காரர் மேரி கிளே 1970-களில் உருவாக்கிய சோதனையின் சாரம்தான் இது. அவர் இதற்கென்றே சில பக்கங்களைத் தலைகீழாக அச்சடித்த சின்னப் புத்தகங்களைப் பயன்படுத்தினார். நமக்கு அதெல்லாம் வேண்டாம், வீட்டில் இருக்கும் புத்தகம் போதும்.

கவனம்: சொந்தபந்தம் கூடியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். "எங்க புள்ளை எப்படிப் படிக்குது பாருங்க" என்று ஆரம்பித்தால் அது சோதனை இல்லை, காட்சி. இன்னொன்று, மதரசாவுக்குப் போகும் குழந்தை வலப்பக்கத்திலிருந்து புத்தகத்தைத் திறந்தால் அது தப்பில்லை. அரபு, உருது எழுத்து வலமிருந்து இடமாகத்தான் போகும். "அந்தப் புத்தகம் அந்தப் பக்கம், இந்தப் புத்தகம் இந்தப் பக்கம்" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் குழந்தை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

2. புத்தகம் சேர்ப்பது: எங்கே, எவ்வளவு, என்ன காகிதம் வேண்டும்

கடையில் முதலில் கண்ணில் படுவது ஆங்கில எழுத்துப் புத்தக செட்டும், பட்டனை அமுக்கினால் சத்தம் போடும் புத்தகமும்தான். இரண்டும் இப்போது வேண்டாம். பட்டன் பேசினால் எழுத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

நமக்கு வேண்டியது, பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி உள்ள தமிழ்க் கதை. எழுத்து பெரிதாக, வெள்ளைத் தாளின் மேல் தனியாக இருக்க வேண்டும். படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்த புத்தகம் பார்க்க அழகு. ஆனால் எது படம், எது எழுத்து என்று பிரித்துக்காட்ட முடியாது. வாங்கும் முன் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ் ஆகியவை தமிழில் படக்கதைகள் போடுகின்றன. மெல்லிய புத்தகம் என்றால் 100 ரூபாய்க்குள் கிடைக்கும். கெட்டித்தாள், பெரிய அளவு என்றால் அதற்கு மேல். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகம் வாங்கினால், படிக்கும்போது ஆங்கில வரியின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிடுங்கள். ஆரம்பத்தில் இரண்டு எழுத்து வகை ஒரே பக்கத்தில் இருந்தால் விரல் எங்கே போவது என்று குழந்தை திணறும்.

வாங்க நல்ல நேரம் புத்தகத் திருவிழா. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துவது ஆகஸ்ட் மாதம், கோவை கொடிசியாவில் பெரும்பாலும் ஜூலை. வழக்கமாக 10 சதவீதம் கழிவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தையோடு போகாதீர்கள். கூட்டத்தில் ஒரு புத்தகத்தைக்கூட நின்று புரட்ட முடியாது. வேலை நாள் மதியம் போனால் குழந்தை தரையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

காசே செலவில்லாமல் வேண்டுமா? பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் தாராளமாக அச்செடுத்துக்கொள்ளலாம். முதல் நிலைக் கதையைத் தேர்ந்தெடுத்து, பிடிஎஃப் இறக்கி, ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஒரு கதைக்கு 30, 40 ரூபாய்க்கு மேல் ஆகாது. கலர் பிரிண்ட் கேட்டால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். கறுப்பு வெள்ளையில் எடுத்துக் குழந்தையையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். போனிலேயே காட்டிவிடலாமே என்று தோன்றும். போனில் முன்னட்டை, பின்னட்டை, பக்கம் திருப்புவது எதுவும் கைக்குத் தட்டுப்படாது. இந்த வயதில் அதுதானே பாடம்.

நூலகம்: ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கும். உறுப்பினராக ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், ஒரு போட்டோ, காப்புத்தொகை. தொகை நூலகத்துக்கு நூலகம் மாறும், பெரிதாக இருக்காது. அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வேலைக்காக வந்து வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருந்தால் உள்ளூர் முகவரிக்குச் சான்று கேட்கலாம். கேஸ் புத்தகம், வாடகை ஒப்பந்தம் ஏதாவது ஒன்றின் நகலைக் கூடவே கொண்டுபோனால் இரண்டாவது நடை மிச்சம். பொது நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு லீவு என்று நினைத்து வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

குழந்தையை நூலகத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் நூலகர் தேதி முத்திரை குத்துவதைப் பார்க்கட்டும். "இந்தத் தேதிக்குள்ள கொண்டாந்து குடுக்கோணுமாம், இதுல போட்டிருக்குது பாரு" என்று சொல்லுங்கள். நேரில் வந்து சொல்லாத ஒருவர் நம்மிடம் ஒன்றைச் சொல்லிவிட்டார் என்பது குழந்தைக்குப் பெரிய அதிசயம்.

3. படிக்கும்போது விரல், வாய், கண்

முதலில் உட்காரும் விதம். மடியிலோ பக்கத்திலோ உட்கார வையுங்கள். எதிரே உட்கார வைத்து "இங்க பாரு" என்று காட்டினால் குழந்தை பார்ப்பது தலைகீழ் எழுத்து. பெரியவர்கள் கதை சொல்லும்போது எதிரே உட்கார்ந்துதான் பழக்கம், அதனால் இது தெரியாமலே நடக்கும்.

பக்கத்தைத் திருப்புவது குழந்தை வேலை. இரண்டு மூன்று பக்கம் சேர்த்துத் திருப்பினால், "அடடா, நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சே" என்று சொல்லித் திரும்பிப் போங்கள்.

இனி, நம் ஊரில் நிஜமாகவே சிக்கலான இடம். புத்தகத்தில் இருப்பது: "பூனை பால் குடித்தது." நாம் படிப்பது: "ஒரு பூனை வந்துச்சாமா, அங்க இருந்த பாலைப் பூராவும் குடிச்சுப்போட்டுதாமா." கதை சொல்லும்போது இது அருமை. குழந்தையும் கண் கொட்டாமல் கேட்கும். ஆனால் விரல் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் கணக்கு உதைக்கும். அச்சில் மூன்று வார்த்தை, வாயில் எட்டு. எழுத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

நூல் தமிழிலேயே பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதுப் புத்தகம் வந்தால் முதல் இரண்டு மூன்று நாள் விரல் வேண்டாம். படத்தைக் காட்டி, நம் பேச்சில், இஷ்டத்துக்கு இழுத்துக் கதை சொல்லுங்கள். கதை குழந்தைக்குச் சொந்தமான பிறகு, "இப்ப இதுல என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கலாமா?" என்று கேட்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, அச்சில் இருப்பதை மட்டும் படியுங்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல். "குடித்தது" என்றால் "குடித்தது"தான். பேச்சு வேறு மாதிரி, புத்தகம் வேறு மாதிரி என்பதைக் குழந்தைகள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். சங்கடப்படுவது நாம்தான்.

விரலை எழுத்தெழுத்தாகத் தட்டாதீர்கள். வார்த்தைக்குக் கீழே நகர்த்துங்கள். வார்த்தை முடிந்ததும் ஒரு நொடி நிறுத்தம். வரி முடிந்ததும் விரலைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைத்துவிடாமல், இடது ஓரம் வரைக்கும் மெதுவாகக் கொண்டுவாருங்கள். அந்தத் திரும்பி வரும் பயணத்தைக் குழந்தையின் கண் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் விரல் வைக்க வேண்டியதில்லை. ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் போதும், மற்றதெல்லாம் கதை. பாடமாக ஆக்கினால் எழுந்து ஓடிவிடும்.

முதல் புத்தகத்துக்குச் சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பாருங்கள். "ஓடிக்கொண்டிருந்தபோது" என்று ஒரு வார்த்தை முக்கால் வரிக்கு நீண்டால், இடைவெளி எங்கே என்று குழந்தைக்குக் காட்டவே வழியில்லை.

ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்கும். உங்களுக்குச் சலிக்கும், கொடுங்கள். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில் ஒரு வரியைத் தாண்டிப் படித்தால், "இல்லீங்ப்பா, அப்படி இல்லை" என்று பிடித்துக்கொள்ளும் நாள் ஒன்று வரும். அச்சு மாறாது என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எழுத்து கற்றுக்கொடுக்க ஆரம்பிக்கலாம், அதற்கு முன் அவசரமில்லை.

அடுத்த கட்டத்தில் புத்தகத்தை மனப்பாடமாகச் "படிக்கும்". கேலி செய்யாதீர்கள், திருத்தவும் வேண்டாம். விரலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வரி தீர்ந்துவிடும், வாய் தீராது; இல்லை, வாய் தீர்ந்தும் இரண்டு வார்த்தை மிச்சம் இருக்கும். அப்போது ஒரு குழப்பம் முகத்தில் வரும் பாருங்கள், உதவிக்குப் பாய்ந்துவிடாமல் கொஞ்சம் பொறுங்கள். மறுபடி ஆரம்பத்திலிருந்து வைத்துச் சரி பார்க்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயி, அப்பாரு (பாட்டி, தாத்தா) வீட்டில் இருந்தால் அவர்களை ஒதுக்காதீர்கள். அவர்கள் படத்தைப் பார்த்துக் கதை கட்டட்டும். கதை எப்படி ஆரம்பித்து எப்படி முடியும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்களுக்கும் இதே வழிதான்: கதை வீட்டு மொழியில், விரல் வைக்கும்போது அச்சில் உள்ள தமிழ்.

4. குழந்தையின் பெயர்

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் பிடிபடும் வார்த்தை சொந்தப் பெயர். ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, தட்டு, டம்ளர், பை வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். எழுதும் முன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி எழுதுவது நம் பக்கம் சர்வ சாதாரணம். பள்ளியில் எந்த எழுத்தில் வரப்போகிறதோ அதையே ஒட்டுங்கள். சான்றிதழில் பிழை இருப்பது தெரிந்தால் பள்ளிச் சேர்க்கைக்கு முன்பே திருத்த விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பெயரில் கொம்பு இருந்தால் ஒரு சிக்கல் வரும். "கோ" என்ற எழுத்தில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். வாயில் முதலில் வருவதோ "க்". இடமிருந்து வலம் என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம், குழந்தை கொம்பிலேயே நின்றுவிடும். பிரித்து விளக்க முயலாதீர்கள். "இது மூணும் சேந்து ஒரே எழுத்து, கோ" என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் போதும். மௌனிகா, சௌமியா என்ற பெயர் என்றால் "மௌ", "சௌ" எழுத்தின் கடைசித் துண்டை "ள" என்று படிக்கும். சில அச்சுகளில் துணைக்காலும் "ர"வும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்வது இதற்குத்தான்.

வீட்டுப் பரணில் இருக்கும் பழைய புத்தகங்களை இந்த வயதில் தராதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் லை, ணை, றா, னா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். பெரியவர்களுக்குப் பழகிவிட்டது, குழந்தைக்கு அது இன்னொரு எழுத்து.

5. வெளியே இருக்கும் அச்சு

பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம். "கோவை", "கோபி" இரண்டு போர்டையும் காட்டி, "ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது பாரு, அப்புறம் எங்க மாறுது?" என்று கேளுங்கள். பெரியநாயக்கன்பாளையம் போர்டு வந்தால் இன்னும் நல்லது. ஒரே ஊருக்கு இத்தனை எழுத்தா என்று வாயைப் பிளக்கும். பெரிய பொருளுக்குப் பெரிய வார்த்தை இருக்கும் என்றுதான் குழந்தைகள் நினைக்கிறார்கள். யானைக்கு எழுத்து இரண்டு, எறும்புக்கு நாலு. இதை எழுதிக் காட்டினால் கொஞ்ச நேரம் நம்பாது.

தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். எண் எது, எழுத்து எது என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல தாள் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் நம் குடும்பத்துப் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடலாம்.

கவனம்: பால் பாக்கெட்டையும் பிஸ்கட் கவரையும் பார்த்துப் பெயர் சொன்னால் படிக்க வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அது நிறத்தைப் பார்த்துச் சொல்வது. அதே பெயரை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதிக் காட்டினால் தெரிந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "இதுலயும் அதேதான் எழுதியிருக்குது" என்று காட்டுங்கள்.

6. குழந்தையே ஒரு புத்தகம் செய்யட்டும்

இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கம். செலவு சில ரூபாய். முன்னட்டையில் தலைப்பு, குழந்தையின் பெயர். உள்ளே குழந்தை படம் வரையட்டும். "என்ன எழுதோணும்?" என்று கேட்டு, சொல்வதை அதன் கண் முன்னே எழுதுங்கள். "அம்மாயி எனக்கு முட்டாயி குடுத்துச்சு" என்றால் அப்படியே எழுதுங்கள். "பாட்டி எனக்கு மிட்டாய் கொடுத்தார்" என்று திருத்தினால், தான் சொன்னது தாளில் இல்லை என்று குழந்தை நினைக்கும். டீச்சர் பார்த்தால் முகம் சுளிக்கலாம். இது வீட்டுப் புத்தகம், மார்க் போட அல்ல.

எழுதும்போது வாயாலும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். அடுத்த நாள் இரவு அதை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். பக்க எண்ணைக் குழந்தையே போடட்டும். 3 திரும்பி நின்றால் நிற்கட்டும்.

7. பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டியது

விஜயதசமி அன்று அரிசியில் "அ" எழுத வைத்தாகிவிட்டதே, இனி எழுத்துதானே என்று வீட்டில் சொல்லுவார்கள். அந்த நாள் நல்ல நாள்தான். அதற்கு மறுநாளே நாலு கோடு நோட்டு வாங்குவதுதான் வேண்டாதது. மூன்றரை வயது விரலுக்குப் பென்சில் பிடி இன்னும் உறுதிப்படவில்லை.

சேர்க்கைக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ எல்லாம் எடுத்துக்கொள்வீர்கள். அதோடு இரண்டு கேள்வியும் எடுத்துப்போங்கள். வகுப்பில் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கதைப் புத்தகம் இருக்கிறதா? டீச்சர் தினமும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாரா? நான் போய்ப் பார்த்த ஒரு நர்சரியில் புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்தன, சாவி ஆபீஸில். கட்டணம் மட்டும் முன்கூட்டியே கேட்டார்கள். அங்கன்வாடியில் சுவர் நிறையப் படமும் எழுத்தும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். செலவில்லாத வழி, ஒதுக்கிவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளை இருந்தால், அந்தப் பள்ளிகளுக்கு அரசு கொடுத்த வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் வந்திருக்கின்றன. "நுழை" நிலையில் உள்ளதை அக்காவோ அண்ணனோ தம்பிக்குப் படித்துக் காட்டலாம்.

புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாலோ, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ அதைப் படிப்புக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் முதலில் கண்ணையும் காதையும் காட்டுங்கள்.

8. கிழிந்தால்

கிழியும். கிழிக்காத குழந்தைக்குப் புத்தகமே கையில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். நூலகப் புத்தகம் என்றால் நீங்களாக டேப் ஒட்டாதீர்கள், திருப்பிக் கொடுக்கும்போது நூலகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாள் காணாமல் போயிருந்தால் விலையைக் கேட்பார்கள், கட்டிவிடலாம். வீட்டுப் புத்தகம் என்றால் டேப்பைக் குழந்தை கையில் கொடுங்கள். எந்தப் பக்கத்துக்கு அடுத்து இது வரும் என்று எண்ணைப் பார்த்து அதுவே தேடி ஒட்டட்டும்.